ஒரு 'ஸாரி' விவகாரம்

எங்கள் அத்தை லண்டனில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். மாமா காலமான பிறகு இங்கே ஒண்டியாக இருக்க வேண்டாம் என்று பிள்ளைதான் வந்து அழைத்துக்கொண்டு போனான். போய் இறங்கிய மூன்றாம் நாளே ஒரு சம்பவம் நடந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மாள். வயது எழுபதுக்கு மேல். இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு மர வேலி. அத்தை கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்து அந்த அம்மாள் பேச்சுக் கொடுத்தாள். எந்த ஊர், எத்தனை குழந்தைகள், வீட்டுக்காரர் வரவில்லையா என்றெல்லாம் விசாரித்தாள். அத்தைக்கு இங்கிலீஷ் வராது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.! "ஹி எக்ஸ்பயர்டு லாஸ்ட் மார்ச்" என்று பதில் சொன்னாள்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. வேலியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஐ ஆம் ஸோ ஸாரி" என்றாள்.

அத்தை பதறிப் போனாள். "நோ, நோ, மேடம்! நாட் யுவர் மிஸ்டேக்! ஹார்ட் அட்டாக்!"

உள்ளே வந்து இதைச் சொன்னபோது பிள்ளையும் மருமகளும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏண்டா, தப்புப் பண்ணினவர்கள்தானே ஸாரி சொல்லுவார்கள்? நீ ஆறாம் கிளாஸ் படிக்கும்போது பந்தடித்து எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்ச் சொன்னாயே, அந்த ஸாரிதானே இது?" என்று கேட்டாளாம். பிள்ளைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கே வந்ததும் என்னிடம் கேட்டாள். "நீதான் பத்திரிகையில் இருக்கிறாயே, சொல்லேன் பார்க்கலாம்!"

சிரிக்கிற விஷயம்தான். ஆனால் நேயர்களே, அத்தை கேட்ட இதே கேள்விக்காக இரண்டு வல்லரசுகள் பதினொரு நாள் மல்லுக்கு நின்றிருக்கின்றன. ஒரு தேசமே இந்த ஒரு வார்த்தைக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்துக் கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வார்த்தையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். ('ஸாரி' என்றதும் ஜவுளிக் கடை ஞாபகம் வருகிற சகோதரிகளுக்கு: இது அந்த ஸாரி அல்ல, இதற்குத் தள்ளுபடி கிடையாது!)

பழைய இங்கிலீஷில் 'ஸார்' என்று ஒரு சொல் இருந்தது. வலி, புண் என்று பொருள். இன்றைக்கும் தொண்டை கட்டினால் டாக்டர் 'ஸோர் த்ரோட்' என்கிறாரே, அந்த 'ஸோர்' இதன் வாரிசுதான். அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததுதான் நம்முடைய 'ஸாரி'. துக்கத்தைச் சொல்லுகிற 'ஸாரோ' என்ற வார்த்தைக்கும் இதற்கும் பிறப்பிலே உறவு கிடையாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, பழகிப் பழகி, முகஜாடை ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். ஆக, 'ஐ ஆம் ஸாரி' என்றால் ஆதியில் 'எனக்கு வலிக்கிறது' என்று அர்த்தம். யார்மேல் தப்பு என்கிற பேச்சே அதில் இல்லை! லண்டன் அம்மாள் வேலி ஓரத்தில் நின்று சொன்னது இந்தப் பழைய அர்த்தத்தைத்தான்.

ஆனால் வலி என்கிற அந்த ஒரு அர்த்தத்தோடு ஸாரி நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் காலையில் வீட்டை விட்டு வெளியே கிளம்புகிறவர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பஸ்ஸில் ஏறும்போது ஒருவர் காலை மிதித்துவிடுகிறார்: ஸாரி. மிதிபட்டவரும் சொல்லுகிறார்: ஸாரி! (நம் காலை மிதித்தவனிடம் நாம் எதற்கு வருத்தப்பட வேண்டும் என்று கேட்காதீர்கள். அது அவர்கள் தேச ஆசாரம்.) உட்காருவதற்குக் கொஞ்சம் நகரச் சொல்ல வேண்டும்: ஸாரி. பக்கத்தில் இருப்பவர் சொன்னது காதில் விழவில்லை: குரலைக் கடைசியில் மேலே தூக்கி, "ஸாரி?" 'செவ்வாய்க்கிழமை' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, "ஸாரி, புதன்கிழமை" என்று திருத்திக்கொள்ள வேண்டும். ஆபீசில் மேலதிகாரி சொன்னது சுத்த அபத்தம்: "ஸாரி, ஆனால்..." இந்த ஸாரியில் வருத்தம் மருந்துக்கும் கிடையாது, சண்டை வரப்போகிறது என்று பொருள். சாயங்காலம் கடைக்குப் போனால் கதவிலே அட்டை தொங்குகிறது: ஸாரி, கடை மூடியாகிவிட்டது. ஒரு நாளைக்குள் ஒரே சொல்லுக்கு எத்தனை வேஷம்!

கேட் ஃபாக்ஸ் என்ற மானிடவியல் பெண்மணி இதைச் சோதித்தே பார்த்துவிட்டார். அவரே இங்கிலீஷ்காரி. ஆங்கிலேயரின் பழக்க வழக்கங்களைப் பற்றி 2004-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதற்காகத் தெருவில் போகிறவர்கள் மீது தெரியாமல் இடிப்பது போல் வேண்டுமென்றே இடித்துப் பார்த்தார். இடிபட்டவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் இவரிடம் ஸாரி சொன்னார்களாம்! ஜப்பானியர்களிடம் மட்டும் சோதனை சரியாகப் பலிக்கவில்லை. அவர்கள் இடிபடுவதற்கு முன்பே சாமர்த்தியமாக விலகிப் போய்விட்டார்களாம். இந்தச் சோதனைக்கு வேண்டிய தைரியத்துக்கு, லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சாராயக் கடையில் உட்கார்ந்து கொஞ்சம் பிராந்தி சாப்பிட வேண்டியிருந்தது என்றும் அந்த அம்மையார் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சி என்றால் சும்மாவா?

இந்தச் சொல்லுக்கு உறவினர்களும் ஏராளம். 'எக்ஸ்க்யூஸ் மீ' இருக்கிறது. அமெரிக்கர்கள் ஸாரிக்குப் பதிலாகப் பல இடங்களில் இதைத்தான் உபயோகிக்கிறார்கள். 'பார்டன்' இருக்கிறது. பார்டன் என்பது பிரெஞ்சு தேசத்திலிருந்து வந்த பவிஷான சொல். ஆனால் அதிலே ஒரு வேடிக்கை. பர்மிங்காம் சர்வகலாசாலையில் மொழியியல் பேராசிரியராக இருந்த ஆலன் ராஸ் என்பவர் 1954-ல் ஒரு கட்டுரை எழுதினார். இங்கிலாந்தில் ஒருவர் மேட்டுக்குடியா இல்லையா என்பதை அவர் வாயிலிருந்து வருகிற சில வார்த்தைகளைக் கொண்டே சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. காதில் விழாவிட்டால் 'பார்டன்?' என்று நாசூக்காகக் கேட்கிறவர் நடுத்தரக் குடும்பம், 'வாட்?' என்று முரட்டுத்தனமாகக் கேட்கிறவர் பிரபு வம்சம்! அந்தச் சர்ச்சையை நாவலாசிரியை நான்ஸி மிட்ஃபோர்ட் கையிலெடுத்து, 1956-ல் புத்தகமாகவும் வந்து, தேசம் முழுவதும் தன் நாக்கைத் தானே கண்காணிக்க ஆரம்பித்தது. நம் கான்வென்டுகளில் 'பார்டன்' சொல்லாததற்காகப் பெஞ்சு மேல் நின்ற சகோதரிகள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

'அபாலஜி' என்பது இன்னும் ஆச்சரியம். அதற்குக் கிரேக்க பாஷையில் மன்னிப்பு என்று பொருளே கிடையாது. கோர்ட்டில் எதிரி தன் கட்சியை எடுத்துச் சொல்லி வாதாடுவதற்குத்தான் 'அபாலஜியா' என்று பெயர். கி.மு. 399-ல் சாக்ரடீஸ் ஏதென்ஸ் நகரத்துக் கோர்ட்டில் பேசியதை அவர் சீடர் பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். அந்த நூலுக்குப் பெயர் 'அபாலஜி'. உள்ளே ஒரு வரிகூட மன்னிப்பு இல்லை. 'உமக்கு என்ன தண்டனை கொடுக்கலாம், நீரே சொல்லும்' என்று கேட்டதற்கு, 'நான் செய்த சேவைக்கு நகரத்துச் செலவிலே எனக்குச் சாப்பாடு போடுவதுதான் நியாயம்' என்றார் கிழவர். விஷந்தான் கொடுத்தார்கள்.

அப்புறம் 'ரிக்ரெட்'. இது காகிதத்தில் மட்டுமே உயிர் வாழ்கிற ஜந்து. வேலைக்கு மனுப் போட்டவர்களும், எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பியவர்களும் இதை நன்றாக அறிவார்கள். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்கிறோமே, அது இந்த ரிக்ரெட்டின் தமிழ் அவதாரம். உண்மையிலேயே உட்கார்ந்து வருந்துகிற உதவி ஆசிரியரை நான் இன்னும் சந்திக்கவில்லை. (என்னையும் சேர்த்துத்தான்.)

இப்போது நம் பாஷைக்கு வருவோம். அத்தை தடுமாறியது இங்கிலீஷ் தெரியாததால் அல்ல. தமிழ் நன்றாகத் தெரிந்ததால்! நாம் இந்த இரண்டையும் இரண்டு தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று வருத்தம், இன்னொன்று மன்னிப்பு. பக்கத்து வீட்டில் சாவு என்றால் வருத்தப்படுவோமே ஒழிய, மன்னிப்புக் கேட்போமா? கேட்டால் ஊரே நம்மைச் சந்தேகமாகப் பார்க்காதா? வருந்துகிறேன் என்றால் அது என் மனசைப் பற்றிய செய்தி. மன்னியுங்கள் என்றாலோ, நான் குற்றவாளியாக உங்கள் முன்னால் நிற்கிறேன், தீர்ப்பு உங்கள் கையில் என்று பொருள். வார்த்தையிலேயே எதிராளிக்கு ஒரு வேலை இருக்கிறது. 'ஐ ஆம் ஸாரி' என்பதில் எதிராளிக்கு வேலையே இல்லை. சொன்னவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். இரண்டு டப்பாவில் இருக்க வேண்டியதை இங்கிலீஷ்காரர் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருக்கிறார். கை விட்டு எடுக்கும்போது எது வருகிறது என்பது எடுப்பவருக்குத்தான் தெரியும். சில சமயம் எடுப்பவர் அதைத் தெரியாதது போலவும் இருந்துவிடலாம்.

வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தில், 1970-களில், சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் மகள் சைக்கிளில் போகும்போது கார் மோதி இறந்து போனாள். காரை ஓட்டியவர் கடைசி வரையில் அந்தத் தகப்பனாரிடம் ஒரு ஸாரி சொல்லவில்லை. கல் நெஞ்சமா என்றால், அதுவும் இல்லை. வாயைத் திறந்து ஸாரி என்று சொன்னால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கோர்ட்டில் அதையே சாட்சியமாக்கிவிடுவார்களே என்ற பயம் என்று அவருக்குச் சொன்னார்களாம். யோசித்துப் பாருங்கள்: பெண்ணைப் பறிகொடுத்தவருக்கு அந்த ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, சொல்ல வேண்டியவரோ சட்டத்துக்குப் பயந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தகப்பனார் பதவியிலிருந்து ஓய்வு பெறும் சமயத்தில் ஒரு மசோதாவைக் கொண்டு வரச் செய்தார். 1986-ல் அது சட்டமாயிற்று. விபத்து நடந்த இடத்தில் அனுதாபமாகச் சொல்லுகிற வார்த்தையைக் குற்றத்துக்கு ருசுவாகக் கொள்ளக் கூடாது என்பதுதான் சட்டம். பிறகு வேறு பல ராஜ்யங்களும் இதைப் பின்பற்றின. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2006-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மன்னிப்புக் கேட்டாலுமே அது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று சட்டம் செய்தது. அதே வருஷம் இங்கிலாந்திலும், நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் ஏறக்குறைய இப்படியே ஒரு பிரிவு வந்தது. ஒரு மனுஷர் இன்னொரு மனுஷரிடம் 'எனக்கு வலிக்கிறது' என்று சொல்லுவதற்குச் சட்டசபை கூடி அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது!

வல்லரசுகளின் கதை இதைவிட ருசிகரமானது. 2001-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி, அமெரிக்கக் கடற்படையின் உளவு விமானமும் சீனப் போர் விமானமும் தென் சீனக் கடலுக்கு மேலே மோதிக்கொண்டன. சீன விமானி மாண்டு போனார். அமெரிக்க விமானம் தள்ளாடிக்கொண்டு போய்ச் சீனாவின் ஹைனான் தீவிலேயே இறங்கியது. அதிலிருந்த 24 பேரையும் சீனர்கள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மன்னிப்புக் கேட்டால்தான் விடுவோம் என்றது சீனா. தப்பு எங்கள் மேல் இல்லை, கேட்க மாட்டோம் என்றது அமெரிக்கா. முதலில் ரிக்ரெட் என்று பார்த்தார்கள், செல்லுபடியாகவில்லை. கடைசியில் ஏப்ரல் 11-ந் தேதி அமெரிக்க ஸ்தானாதிபதி ஒரு கடிதம் கொடுத்தார். விமானியின் மரணத்துக்காக ஒரு 'வெரி ஸாரி'. அனுமதி இல்லாமல் வந்து இறங்கியதற்காக இன்னொரு 'வெரி ஸாரி'. சீனர்கள் அதைத் தங்கள் பாஷையில் ஆழ்ந்த மன்னிப்பாகவே தொனிக்கும்படி மொழிபெயர்த்துத் தங்கள் ஜனங்களுக்குச் சொல்லிக்கொண்டார்கள். அமெரிக்கர்களோ தங்கள் ஜனங்களிடம், இது வருத்தந்தான், மன்னிப்பு இல்லை என்றார்கள். மறுநாள் 24 பேரும் விமானம் ஏறினார்கள். ஒரே டப்பா, இவர் கைக்கு ஒன்று, அவர் கைக்கு ஒன்று! அந்த இடத்தில் ஒரு தமிழ்க் கடிதம் கொடுக்க வேண்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ?

இந்தச் சமாசாரத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. அடுத்ததில் வரவில்லை.

ஆஸ்திரேலியாவில் ஆதிவாசிகளின் குழந்தைகளைச் சர்க்காரும் பாதிரிமார்களின் ஸ்தாபனங்களும் தாயிடமிருந்து பிரித்துக்கொண்டு போய், விடுதிகளிலும் வெள்ளையர் வீடுகளிலும் வளர்த்தார்கள். நாகரிகப்படுத்துவதாகப் பெயர். இரண்டொரு வருஷமல்ல, ஏறத்தாழ 1910-லிருந்து 1970 வரையில் நடந்தது. பத்துக் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை இப்படிப் பறிபோயிருக்கலாம் என்று 1997-ல் வெளியான விசாரணை அறிக்கை சொல்லிற்று. தாய்மார்களும், வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளும் பிரதானமாகக் கேட்டவற்றில் ஒன்று, சர்க்கார் வாயால் ஒரு 'ஸாரி'.

அப்போதைய பிரதம மந்திரி ஜான் ஹோவர்ட் மறுத்துவிட்டார். நேற்றைய தலைமுறை செய்ததற்கு இன்றைய தலைமுறை எப்படிப் பொறுப்பாகும் என்பது அவர் வாதம். 1999-ல் பார்லிமென்டில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். அதில் 'ஆழ்ந்த, உண்மையான ரிக்ரெட்' இருந்தது, ஸாரி இல்லை. ஆனால் ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. வருஷா வருஷம் மே 26-ந் தேதியை 'ஸாரி தினம்' என்றே அனுஷ்டிக்க ஆரம்பித்தார்கள். 2000-ம் வருஷம் மே மாதத்தில் சிட்னி துறைமுகப் பாலத்தின் மேல் லட்சக்கணக்கானவர்கள் ஊர்வலமாக நடந்தார்கள். தலைக்கு மேலே ஒரு விமானம் புகையினால் ஆகாசத்தில் அந்த ஐந்து எழுத்தை எழுதிவிட்டுப் போயிற்று. 2008-ம் வருஷம் பிப்ரவரி 13-ந் தேதிதான் புதிய பிரதம மந்திரி கெவின் ரட் பார்லிமென்டில் எழுந்து நின்று, ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னார். சபையின் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்த கிழவர்களும் கிழவிகளும் கண்ணீர் விட்டார்கள். பறிபோன பால்ய வருஷங்களில் ஒரு நாள்கூடத் திரும்பி வரவில்லை. அது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அழுதார்கள்.

நமக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. 1919 ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாகில் சர்க்கார் கணக்குப்படியே மாண்டவர்கள் 379 பேர். 2013-ல் அங்கே வந்த பிரிட்டிஷ் பிரதம மந்திரி டேவிட் காமரன், வெட்கக்கேடான சம்பவம் என்று எழுதினார். நூறு வருஷம் நிறைவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, 2019-ல், பிரதம மந்திரி தெரஸா மே பார்லிமென்டில் பேசினார். அவர் தேர்ந்தெடுத்த சொல் ரிக்ரெட். காலை மிதித்தவனிடமும் மிதிபட்டவனிடமும் ஒரு நாளைக்கு இருபது தடவை ஸாரி சொல்லுகிற தேசத்துக்கு, அன்றைக்கு அகராதியில் வேறு பக்கம் வேண்டியிருந்தது.

பிரதம மந்திரிகளைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிடுவது நியாயமாகாது. ஸாரி இப்போது நம் கூடத்திலேயும் நடமாடுகிறது. "தம்பியிடம் ஸாரி சொல்லு" என்று நாம் அதட்டுகிறோம். குழந்தை சுவரைப் பார்த்துக்கொண்டு, டிக்கெட் கிழித்துக் கொடுப்பது போல் ஒரு ஸாரியைக் கிழித்துப் போட்டுவிட்டு விளையாடப் போகிறது. "உனக்குக் கஷ்டமாக இருந்திருந்தால் ஸாரி" என்று கணவன்மார்கள் சொல்லுகிற ஒரு ரகம் இருக்கிறது. அந்த 'இருந்திருந்தால்' போதும், வருத்தத்தின் உயிரை எடுக்க! நம் பாட்டிமார்களுக்கு இந்தச் சொல் தெரியாது. தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். வாய் பேசாது. என் அம்மா என்னைக் காரணமில்லாமல் திட்டிவிட்ட நாட்களில் ஒரு தடவையாவது மன்னிப்புக் கேட்டதாக ஞாபகம் இல்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி என் தட்டில் மட்டும் தோசை முறுகலாக விழும். அதில் நெய்யும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். எனக்குப் புரிந்துவிடும். ஆனாலும் உண்மையைச் சொல்லுகிறேன்: அந்த நெய்யோடு ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்திருக்கலாமே என்று இந்த வயதிலும் எப்போதாவது தோன்றுகிறது.

அத்தையிடம் இவ்வளவையும் விவரமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டு, "சரி, அந்த அம்மாளின் நாய் செத்துப் போன கதையைச் சொன்னேனோ?" என்றாள்.

அத்தை ஊர் திரும்புவதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்ததாம். பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பதினான்கு வருஷம் துணையாக இருந்த நாய் இறந்துவிட்டது. பார்த்துவிட்டு வர வேண்டும் என்று அத்தை புறப்பட்டாள். "போய் 'ஐ ஆம் ஸோ ஸாரி' என்று சொல்லிவிட்டு வாருங்கள்" என்று மருமகள் சொல்லி அனுப்பினாள். அத்தை வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டே போனாளாம். அந்த அம்மாள் கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும் அத்தைக்கு மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. பேசாமல் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த அம்மாளும் எதிரில் உட்கார்ந்தாள். நாயின் கழுத்துப் பட்டையைக் கொண்டு வந்து காட்டினாள். அத்தை அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை. அப்புறம் துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா, அத்தை எழுந்து பேசாமல் வந்துவிட்டாள். அங்கே இப்படிச் சொல்லிக்கொள்ளாமல் வருவது மகா அநாகரிகம் என்று பிள்ளை தலையில் அடித்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் தன் தோட்டத்து மரத்து ஆப்பிளை ஒரு பை நிறையக் கொண்டு வந்து வேலிக்கு மேலே நீட்டினாளாம்.

"என்னவோ, 'தாங்க்யூ ஃபார் ஸிட்டிங்' என்றாள். உட்கார்ந்ததற்கு எதற்கடி தாங்க்ஸ்?" என்றாள் அத்தை. "ஆனால் அந்த ஆப்பிள் சமைக்கிற ஜாதியாம், வாயில் வைக்க முடியவில்லை, அப்படிப் புளிப்பு. மாங்காய்க்குப் போடுகிற மாதிரி காரம் போட்டு, வெந்தயமும் பெருங்காயமும் பொடி பண்ணிப் போட்டு ஊறுகாயாகப் பண்ணி, பாதியை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன்."